காருக்குக் கொசுவலை கட்டிய கதை

பத்து வருடம் ஓடிய காரில் முதலில் கிழடு தட்டுவது முகம்தான். கதவும் பானெட்டும் ஒரு நல்ல பாலிஷ் போட்டால் ஓரளவு தேறிவிடும். விளக்குகளுக்கு நடுவில் பட்டை பட்டையாக இருக்கும் முன்பக்கச் சட்டம், அதாவது கிரில், அப்படியில்லை. கல்லும் பூச்சியும் சேறும் நேராக வந்து அடிப்பது அதன் மேல்தான். என் காரில் கிரிலின் குரோம் அங்கங்கே கொப்புளம் விட்டு, ஓரங்களில் மீன் செதில் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. படுக்கைவாக்கில் இருந்த நான்கு பட்டைகளில் ஒன்று கல் பட்டு விரிசல் விட்டிருந்தது. பட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு கறுப்பு வலை வைப்போம், சட்டத்துக்கும் கறுப்பு அடிப்போம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போதுமானதாகத்தான் இருந்தது. செய்த வேலை மூன்று மாதம் தாங்கியது. அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி செய்தேன். அதற்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் ஸ்ப்ரே கேனை அழுத்திக்கொண்டிருந்த நேரத்தைக் கூட்டினால் முக்கால் மணி நேரம் தேறுமா என்பதே சந்தேகம்.

முதல் முறை என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணியால் துடைத்து, குரோம் மேலேயே இரண்டு கனமான கோட் அடித்தேன். பார்க்க நெருக்கமாக, அழகாக இருக்கிறதே என்று மூன்று மில்லிமீட்டர் ஓட்டை உள்ள கம்பி வலையை எடுத்து வெட்டி, பின்பக்கம் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டினேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. பள்ளியிலிருந்து வந்த மகள் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “என்னப்பா, காருக்குக் கொசுவலை கட்டியிருக்கீங்க?” என்றாள். அன்று சிரித்துக்கொண்டேன்.

முதலில் கைவிட்டது பசை. வெயிலில் நெரிசலில் ஊர்ந்து வந்த ஒரு நாள், கீழ் மூலையில் வலை கழன்று படபடவென்று அடித்துக்கொண்டது. யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. பெரும்பாலான கார்களில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் எங்கோ ஒரு இடத்தில். ஏறக்குறைய அந்தச் சூட்டில் நீர் ஓடும் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில், சூடு பட்டால் இளகுவதற்கென்றே செய்த பசையை வைத்தால் வேறு என்ன நடக்கும்?

அடுத்தது பெயிண்ட். காரை வேகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தோல் அப்படியே கழன்று விழுந்தது. அடியில் குரோம் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று சிரித்தது. குரோம் என்று நாம் சொல்வது உண்மையில் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக ஏற்றிய மிக மெல்லிய உலோகத் தகடு. அந்த வழவழப்பில் பெயிண்டுக்குப் பிடி கிடைக்காது. கொப்புளம் விட்ட இடத்திலோ அந்தத் தகடே பிளாஸ்டிக்கை விட்டுவிட்டது. அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும், ஆடுகிற பல்லுக்குத் தங்க உறை போட்ட மாதிரிதான். இன்னொன்று, உரிந்த குரோமின் விளிம்பு பிளேடுக்குச் சமம். வெறும் விரலால் செதிலைப் பிய்க்கப் போய் நான் கற்றுக்கொண்டது அது.

மூன்றாவது கோளாறு மெதுவாகத்தான் புலப்பட்டது. சிக்னலில் நிற்கும்போது ஏசி முன்புபோல் குளிரவில்லை. ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வலையைக் கழற்றிய அன்றே இரண்டும் பழைய நிலைக்கு வந்தன. அப்போதுதான் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். சதுர ஓட்டைக்குக் கணக்கு எளிது. ஓட்டையின் அகலத்தை, ஓட்டையும் ஒரு கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் காற்றுக்குத் திறந்திருக்கும் பங்கு கிடைத்துவிடும். என் வலையில் ஓட்டை 3 மி.மீ., கம்பி 1 மி.மீ. முக்காலை முக்காலால் பெருக்கினால் 56 சதவீதம். கனமாக அடித்த பெயிண்டால் ஓட்டை 2.7 மி.மீ. ஆகியிருந்தால் 46 சதவீதம்தான். காற்று வரும் வழியில் பாதிக்கு மேல் கம்பியே மறித்துவிடுகிறது. போதாததற்கு, மழை நின்ற ஓர் இரவில் ஓட்டிவந்த பிறகு பார்த்தால் சிறகுப் பூச்சிகள் ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டிருந்தன. மகள் சொன்னது சரிதான்.

காற்று நுழையும் வாயை அலங்காரப் பலகை என்று நினைத்துவிட்டேன். ரேடியேட்டர், அதற்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், சில கார்களில் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாமே அந்த ஒரு வாயை நம்பித்தான் இருக்கின்றன.

இரண்டாம் முறை தொடங்கும்போது முதலில் செய்தது, பழைய பொருள் கடையில் அதே மாடலின் கிரில் ஒன்று தேடி வாங்கியது. இதை வலியுறுத்திச் சொல்வேன். கையில் இன்னொன்று இருந்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், காய வேண்டியதை நிதானமாகக் காயவிடலாம், கெட்டுப்போனாலும் நெஞ்சு அடைக்காது. முதல் முறை அவசரத்துக்குப் பாதிக் காரணம், திங்கட்கிழமை காலை வண்டி வேண்டும் என்பதுதான்.

கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், காருக்குக் கார் மாறும். என்னுடையதில் பானெட்டைத் தூக்கினால் மேலே பத்தாம் நம்பர் ஸ்பானர் போடும் இரண்டு போல்ட், நான்கு பிளாஸ்டிக் கிளிப், கீழே கொக்கிகள். சில கார்களில் பம்பரையே இறக்கினால்தான் கிரில் வரும். கிளிப்பின் நடுவில் ஒரு சின்ன முளை இருக்கும். அதை முதலில் தூக்கிவிட்டு அப்புறம்தான் கிளிப்பை நெம்ப வேண்டும். தெரியாமல் முழுசாக நெம்பி முதல் முறை இரண்டை உடைத்தேன். பழைய பிளாஸ்டிக் குளிரில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினால் வளைந்துகொடுக்கும். வெளி வெப்பநிலையைக் காட்டும் சென்சாரின் ஒயர் கிரிலோடு சேர்ந்து வரலாம், பிடித்து இழுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பானெட் பூட்டின் கேபிள் பக்கம் கை பட்டிருந்தால், மூடுவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கைத் தள்ளி மாட்டிவிட்டு, உள்ளே போய் லீவரை இழுத்துப் பாருங்கள். விடுபட்டால் மட்டுமே பானெட்டை மூடலாம். மூடிய பிறகு கேபிள் கழன்றிருப்பது தெரிந்தால் அது வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

புதிய கார் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியோ, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியோ இருந்தால், கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னாலோ கிரிலின் கீழ்ப்பகுதியிலோ ரேடார் இருக்கக்கூடும். அது பெரும்பாலும் வேலை செய்வது 77 கிகாஹெர்ட்ஸ் அளவில். அலையின் நீளம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. உலோக வலை அதற்குப் பெரிய தடை. அலுமினியத் துகள் கலந்த மினுக்குப் பெயிண்டும் அதைக் கெடுக்கும். ரேடார் இருக்கும் இடத்தில் வலையும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். பார்க்கிங் சென்சாரின் முகத்தில் கனமாக அடிப்பதும் அப்படித்தான். என் கார் பழையது என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, வெட்டும் வேலை. அந்தப் பட்டைகள் வெறும் அழகுக்கு இல்லை, சட்டத்தின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். முதல் முறை நான்கையும் வெட்டியதும் சட்டம் பாய்போல் வளைந்தாடியது. மாட்டும்போது மேல் விளிம்பு பானெட்டோடு ஒரு கோட்டில் நிற்கவே இல்லை. இம்முறை நடுவை ஒட்டிய பட்டை ஒன்றை வெட்டாமல் விட்டுவிட்டேன். சின்னம் உட்கார்வதும் அதில்தான். மற்ற மூன்றையும் ஆக்சா பிளேடால் ஒவ்வொன்றாக, இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு அறுத்து, மிச்சத்தை அரத்தால் ராவினேன். மின் கருவியில் வேகமாக வெட்டினால் பிளாஸ்டிக் அறுபடுவதற்குப் பதில் உருகி, வெட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

வலைக்கு அலுமினியத்தையே எடுத்தேன். கடையில் கிடைக்கும் இந்த வகை வலை பின்னியது அல்ல. தகட்டில் கீறல்கள் போட்டு இழுத்து விரித்தது. அதனால் ஒரு திசையில் சுலபமாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். வாங்குமுன் கையில் வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் உங்கள் கிரிலின் வளைவு வருகிறதோ அந்தத் திசையில் வளைய வேண்டும். நான் எடுத்தது தேன்கூடு மாதிரி அறுகோண ஓட்டை, அகலம் 12 மி.மீ., ஓட்டைகளுக்கு நடுவே ஓடும் நரம்பு 1.5 மி.மீ. சதுரக் கணக்கிலேயே தோராயமாகப் போட்டால் 79 சதவீதம் திறப்பு. தூரத்தில் நின்று பார்த்தால் நெருக்கமான வலையளவு இது கறுப்பாகத் தெரியாது, உள்ளே இருக்கும் வெள்ளிநிறக் கண்டென்சர் லேசாகத் தெரியும். தெரியட்டும்.

அட்டைப் பெட்டியைப் பிரித்து முதலில் அச்சு வெட்டினேன். கிரிலின் பின்பக்கம் வைத்து வரைந்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டி வெட்டினால், மடித்து ஸ்க்ரூ போட இடம் கிடைக்கும். இதில் எனக்கு அதிக நேரம் பிடித்தது வெட்டுவதல்ல, நேர் பார்ப்பது. அறுகோண வரிசை ஒரு விரல்கடை சாய்ந்தாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் அதை விட்டு நகராது. கிரிலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நூலும், இடமிருந்து வலமாக ஒரு நூலும் கட்டி, வலையின் ஒரு வரிசையை அதற்கு நேராக நிறுத்தி, கேபிள் டையால் தற்காலிகமாகக் கட்டினேன். அப்படியே அதைக் காரில் பொருத்தி, பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவை கழற்றித் திருத்த வேண்டியிருந்தது. வளைப்பதை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் வயிறு தள்ளிக்கொள்ளும்.

வெட்டத் தகரக் கத்தரி போதும். நரம்புகள் சேரும் முடிச்சில் வெட்டினால் ஓரம் மூடியிருக்கும். நரம்பின் நடுவில் வெட்டினால் முள் முள்ளாக நிற்கும், பின்னால் கார் கழுவும் ஒவ்வொரு முறையும் துணியைப் பிடித்து இழுக்கும். தோல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துண்டுகள் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் தரையில் சிதறியதைப் பொறுக்க ஒரு காந்தத்தை நூலில் கட்டி ஐந்து நிமிடம் இழுத்துக்கொண்டு நடந்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பது அப்புறம்தான் உறைத்தது. துடைப்பத்தை எடுத்தேன்.

பொருத்தும் முறையில் பசையை அடியோடு விட்டுவிட்டேன். எபாக்சிப் பசை சூடு தாங்குமே என்று கேட்கலாம். தாங்கும். ஆனால் கிரிலின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் வெயிலில் ஒரே அளவு நீள்வதில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக நீளும். ஏ.பி.எஸ். அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு நீளும். சுற்றிலும் இறுக்கி ஒட்டிவிட்டால் ஏதாவது ஒன்று உப்பும், அல்லது பசை தெறிக்கும். அதனால் பின்பக்க விலாக்களில் சின்னத் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவும் அகலமான நைலான் வாஷரும் வைத்து, வலை நழுவ இடம்விட்டு மிதமாக முடுக்கினேன். நைலான் வாஷருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு உப்பு கலந்த தண்ணீரில் நனைந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஸ்க்ரூவின் நீளத்தை மட்டும் இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள். ஒன்றை நீளமாகப் போட்டு, சட்டத்தின் முகத்தில் பரு மாதிரி ஒரு புடைப்பை வரவழைத்தேன். அதற்குப் பட்டி வைத்துத் தேய்க்க ஒரு மாலைப் பொழுது போனது.

இதெல்லாம் அளவு பார்க்கத்தான். பெயிண்ட் அடிக்க வலையையும் சட்டத்தையும் மறுபடி தனித்தனியாகப் பிரித்தாக வேண்டும்.

சட்டத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் பல் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். தேய்க்கும் முன் கழுவ வேண்டும். இல்லையென்றால் மெழுகையும் எண்ணெயையும் உப்புத்தாளே பிளாஸ்டிக்குக்குள் இறக்கிவிடும். இந்தக் கிரிலில் குரோம் கெட்டியாக இருந்ததால் உரிக்கவில்லை. 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுவதும் செத்து, சாம்பல் பூத்த மாதிரி ஆகும்வரை தேய்த்தேன். பேப்பர் நுழையாத இடுக்குகளுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது எங்கே ஒரு மினுக்கு தெரிகிறதோ அங்கேதான் நாளைக்குப் பெயிண்ட் உரியும். இது மட்டும் இரண்டு நாள். சலிப்பான வேலை என்பதை மறைக்கவில்லை.

அப்புறம் தின்னரால் துடைக்கலாமா என்றால், வேண்டாம். ஏ.பி.எஸ்.ஸைக் கடுமையான தின்னர் இளக்கிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். இங்கேதான் என்னுடைய பெரிய சறுக்கல். ஆல்கஹால் தொட்டுத் துடைத்த துணி, என்றைக்கோ டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்ட துணி. துவைத்ததுதான், ஆனாலும் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் துவைத்தால் போவதில்லை. முதல் கோட் அடித்த அரை நிமிடத்தில் பெயிண்ட் அங்கங்கே விலகி மீன் கண் மாதிரி வட்டக் குழிகள் விழுந்தன. மேலே இன்னொரு கோட் அடித்தால் மூடிக்கொள்ளும் என்று கை துடிக்கும். மூடாது. மறுநாள் காயவிட்டு, தேய்த்து எடுத்து, கழுவி, புதுத் துணியில் துடைத்து, பெயிண்டுக்கு அடியில் போடும் பிரைமரிலிருந்து மறுபடி. ஒன்பது நாளில் இரண்டரை நாள் அந்தத் துணிக்குப் போனது.

பிரைமரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று நினைக்க வேண்டாம். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடங்களுக்குப் பிளாஸ்டிக் பிரைமர். அலுமினிய வலைக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். அலுமினியத்தைத் தேய்த்த கையோடு அடித்துவிட வேண்டும். காற்று பட்டதும் அதன்மேல் ஆக்சைடு படலம் கட்ட ஆரம்பித்துவிடும்.

அடிக்கும் இடம் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும், தூசி பறக்காமலும் இருக்க வேண்டும். முதல் முறை திறந்தவெளியில் அடித்தபோது ஒரு கொசு வந்து உட்கார்ந்து அங்கேயே சமாதியானது. இரண்டாம் முறை ஷெட்டுக்குள் தரையில் தண்ணீர் தெளித்து, கதவைத் திறந்து வைத்து, சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டு அடித்தேன். சாதாரணத் துணி முகமூடி ஸ்ப்ரே ஆவியைத் தடுக்காது, கரிம ஆவி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கேன் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைக்கலாம், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோய்விட வேண்டாம். 25 சென்டிமீட்டர் தூரம். பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விட வேண்டும். முதல் கோட் பனி படர்ந்த மாதிரி, அடி தெரிகிறாற்போல்தான் இருக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று மெல்லிய கோட்டில் வருவது ஒரு கனமான கோட்டில் வராது, வடியத்தான் செய்யும். மழை நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு வெளுத்துப்போகும். அடுத்த கோட்டுக்கான நேரத்தைக் கேனிலேயே போட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைத் தவறவிட்டு நடுவில் அடித்தால் அடிக்கோட் சுருங்கிக்கொள்ளும்.

வலையை நேராக நின்று மட்டும் அடித்தால் நரம்புகளின் பக்கச்சுவர் வெள்ளியாகவே இருக்கும். முன்னால் நின்றால் தெரியாது, காரைப் பக்கவாட்டில் கடக்கும்போது பளிச்சிடும். இடமும் வலமும் மேலும் கீழும் சாய்த்து நான்கு கோணத்தில் மெல்ல அடிக்க வேண்டும்.

எந்தக் கறுப்பு என்பதில் என் தேர்வு அரைப் பளபளப்பு. முழுப் பளபளப்பு நம் கைவேலையின் குறைகளை எல்லாம் ஊருக்குக் காட்டும். முழு மேட் முதல் வாரம் அழகு, அப்புறம் விரல் ரேகையும் எண்ணெய்க் கறையும் ஏறி, பாலிஷும் போட முடியாமல் திட்டுத் திட்டாக நிற்கும். கறுப்புக்கு மேல் காப்பாக அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில், ஹார்ட்னர் கலந்த டூ-கே வகை உறுதியானதுதான். ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. வீட்டு ஷெட்டில் அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன், சாதாரணக் கிளியர் இரண்டு கோட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

தொட்டால் ஒட்டாத நிலை அரை மணி நேரத்தில் வந்துவிடும், அதில் ஏமாறக் கூடாது. நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலைக்கு என்னுடையது நான்கு நாள் எடுத்தது. மாட்டிய பின் வலைக்கும் கண்டென்சருக்கும் நடுவில் விரல் நுழைகிறதா, எந்த ஸ்க்ரூ முனையாவது அதன் மெல்லிய தகடுகளைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏசியைப் போட்டு அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன். ஃபேன் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அந்தச் சத்தத்தை அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டது அன்றுதான்.

ஒரு மாதம் வேகத் தண்ணீர் காட்டவில்லை, இப்போதும் அரை மீட்டர் தள்ளித்தான். கல் தெறித்து இரண்டு மூன்று இடத்தில் வெள்ளிப் புள்ளி விழுந்திருக்கிறது. அதற்குக் கேனிலிருந்து மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, தீக்குச்சி முனையால் தொட்டு வைத்துவிடுகிறேன். முதல் முறை உடைத்த கிளிப்புகளில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் சரியான ஜோடி கிடைக்கவில்லை. இடது ஓரத்தில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், ஒரு கறுப்புக் கேபிள் டை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.